சூசை மாமா துப்பிய மரக்கறிகள்

சூசை மாமா கரட் துண்டை வாயில் போட்டார். இரண்டு கடி கடித்தார். உதட்டைக் குவித்து 'சுர்' என்று காற்றை உள்ளே இழுத்தார். கரட்டை இடது கன்னத்திலிருந்து வலது கன்னத்துக்கு அனுப்பி, அங்கிருந்து திரும்ப வரவழைத்தார். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு இலை சுருண்டு உருண்டை கட்டிய கோவாப் பாத்திக்கும் லீக்ஸ் பாத்திக்கும் நடுவே இருந்த வரப்பில் 'தூ' என்று துப்பினார்.

"இனிப்பு இருக்கு. தண்ணி கொஞ்சம் கூட," என்றார்.

கையில் கத்தியும் அடுத்த துண்டுமாக நின்ற சவரிமுத்து, கீழே கிடந்த கரட்டைப் பார்த்தார். பிறகு மாமாவைப் பார்த்தார். அந்த மரக்கறித் தோட்டம் அவருடையது. வந்தவர்களுக்கென்று தன் கையால் பிடுங்கி, வாய்க்கால் தண்ணீரில் கழுவி, நறுக்கிக் கொடுத்திருந்தார். அவர் கொடுத்த கரட்டை அதுவரை யாரும் இப்படி நடத்தியிருக்க மாட்டார்கள்.

நாங்கள் போனது பெண் பார்க்க. பெண் சவரிமுத்துவின் மகள். மாப்பிள்ளைப் பையன் நான். மாமாவின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். என் வாயிலும் ஒரு கரட் துண்டு இருந்தது. அதை நானும் துப்ப வேண்டும் என்பது மாமாவின் உத்தரவு.

மாமாவின் நாக்கு

சில வாரங்களுக்கு முன் இந்தத் தொடரில் சூசை மாமாவைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தேன். அப்படி ஓர் ஆள் உண்மையில் இருந்தாரா என்று ஹட்டனிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். இருந்தார் ஐயா. அவரைக் கற்பனையில் உண்டாக்கும் திறமை எனக்கு இருந்திருந்தால், தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்துக் காலத்தை ஓட்டியிருக்க மாட்டேன்.

மாமா என் அம்மாவின் அண்ணன். லிந்துலைப் பக்கம் நாங்கள் இருந்த தோட்டத்தின் தேயிலைத் தொழிற்சாலையில் தூளின் பதம் பார்க்கும் உதவி டீமேக்கர். கூலித் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் காம்பராவில் பிறந்தவர் அந்த நாற்காலி வரை போனது அந்தக் காலத்தில் பெரிய காரியம். அதற்கு முழுக் காரணம் தன் நாக்குதான் என்று மாமா நம்பினார்.

தினமும் காலையில் முந்தின நாள் செய்த தேயிலையை வெள்ளைக் கோப்பைகளில் ஊற்றி வரிசையாக வைப்பார்கள். மாமா கரண்டியால் மொண்டு உறிஞ்சுவார். வாய்க்குள் சுழற்றுவார். பக்கத்துத் தொட்டியில் துப்பிவிட்டு அடுத்த கோப்பைக்குப் போவார். விழுங்கவே கூடாது. விழுங்கினால் பத்தாவது கோப்பையில் நாக்கு மரத்துப்போகும் என்பார்.

இது தொழிற்சாலையோடு நின்றிருந்தால் யாருக்கும் தொந்தரவு இல்லை. ஒரு முறை எங்கள் தோட்டத்துக் கங்காணியின் தாயார் இறந்துபோனார். இழவு வீட்டில் கொடுத்த கோப்பியை மாமா ஒரு இழுப்பு உறிஞ்சினார். அழுதுகொண்டிருந்த பெண்களெல்லாம் அந்தச் சத்தத்தில் நிமிர்ந்து பார்த்தார்கள். "கொட்ட கருகிப்போச்சு," என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போய்த் துப்பினார். அந்தக் கங்காணி அதற்குப் பிறகு எங்களோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

என் அப்பா நான் சிறு பிள்ளையாக இருக்கும்போதே போய்விட்டார். எங்கள் வீட்டில் எந்தக் காரியமும் மாமா தலையாட்டினால்தான் நடக்கும். என் கல்யாணமும் அப்படித்தான்.

ஒரு கோழிக்கால் செய்த வேலை

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. சம்பந்தம் பேசி முடியும்வரை மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் கை நனைக்கக் கூடாது. வெற்றிலை போடலாம், தண்ணீர் குடிக்கலாம். சாப்பிட்டுவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். சாப்பிட்ட பிறகு பெண் வேண்டாம் என்று சொல்கிறவன் மனுஷனே இல்லை.

மற்றவர்கள் இதைக் கொஞ்சம் முன்னே பின்னே பார்த்துக்கொள்வார்கள். மாமா அணுவளவும் விட்டுக்கொடுக்க மாட்டார். அதற்கு அவருடைய சொந்த அனுபவம்தான் காரணம்.

மாமாவுக்குப் பெண் பார்க்க நோர்வூட் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போனார்களாம். பெண் இன்னும் வெளியே வரவில்லை. அடுப்படியிலிருந்து கோழிக்குழம்பு வாசனை மட்டும் வந்தது. மாமாவின் அப்பா, அதாவது என் தாத்தா, அந்த வாசனையில் மயங்கிவிட்டார். 'சும்மா ருசி பாருங்க' என்று பெண்ணின் தாயார் ஒரு கோழிக்காலை நீட்ட, தாத்தா வாங்கிக் கடித்துவிட்டார். கல்யாணம் முடிந்தது. மாமா பெண்ணின் முகத்தைப் பார்த்ததே கோயிலில்தான்.

அத்தை நல்லவள். ஆனால் பேசத் தொடங்கினால் தொழிற்சாலைச் சங்கு ஊதினால்தான் நிறுத்துவாள். சில நாட்களில் அதற்கும் நிறுத்த மாட்டாள். மாமா திண்ணமான மனிதர், எதற்கும் கலங்காதவர். அவரே சில மாலைகளில் எங்கள் காம்பராவுக்கு வந்து உட்கார்ந்துகொண்டு, "ஒரு கோழிக்கால்டா அந்தோணி. ஒரே ஒரு கோழிக்கால்," என்பார்.

நாங்கள் கத்தோலிக்கர். பெண் வீட்டாரும் அப்படியே. அதனால் மாமா தந்திரமாக ஒரு நாள் குறித்தார். "தபசு காலத்துல ஒரு வெள்ளிக்கெழமையா போவோம். மாமிசம் ஆக்க மாட்டாங்க. மரக்கறிக்கெல்லாம் நான் மசியுற ஆளில்ல," என்றார்.

உண்மையில் அவருக்கு அந்தச் சம்பந்தத்திலேயே இஷ்டமில்லை. "தேயிலைக்காரன் போயி மரக்கறிக்காரன் வீட்டுல பொண்ணெடுக்கிறதா?" என்று அம்மாவிடம் இரண்டு நாள் கத்தினார். அம்மா மூன்றாம் நாளும் அதையே கேட்டபோதுதான் இறங்கி வந்தார். போய்ப் பார்த்துவிட்டு, கை நனைக்காமல் திரும்பி, வேண்டாம் என்று சொல்லிவிடுவது. புறப்படும் முன்பே இது அவர் மனதில் முடிவான விஷயம்.

என் மனதிலும் ஒன்று முடிவாகியிருந்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

கோவா மூட்டை

அதற்கு ஆறு மாதம் முன்பு நானுஓயா ஸ்டேசனில் ரயிலுக்காகக் காத்திருந்தேன். ரயில் வழக்கம்போலத் தாமதம். பெஞ்சில் இடமில்லாததால் ஓரமாகக் கிடந்த ஒரு மூட்டையில் உட்கார்ந்தேன். உட்கார வசதியாகத்தான் இருந்தது. கையிலிருந்த பத்திரிகையை விரித்து இரண்டு பக்கம் படித்திருப்பேன்.

"எந்திரிங்க," என்று ஒரு குரல் கேட்டது.

நிமிர்ந்தேன். நீலத் தாவணியும் ஆண்கள் போடும் கம்பளிச் சட்டையுமாக ஒரு பெண் நின்றாள். "அது கொழும்புக்குப் போற கோவா. நீங்க உக்காந்ததுல எத்தன நசுங்கியிருக்கோ தெரியல."

நான் எழுந்து மன்னிப்புக் கேட்டேன். அவள் மூட்டையைப் பிரித்து, நசுங்கிய ஒரு கோவாவை எடுத்து என் கையில் வைத்தாள். "இத நீங்களே கொண்டு போங்க. இனிமே யாரும் வாங்க மாட்டாங்க," என்றாள். பிறகு பார்சல் கிளார்க்கிடம் போய்ச் சரளமான சிங்களத்தில் சண்டை பிடித்தாள். அவர் மற்ற சாமான்களையெல்லாம் இறக்கி வைத்துவிட்டு அவளுடைய மூட்டைகளை முதலில் ஏற்றினார்.

ஒரு கையில் பத்திரிகையும் மறு கையில் கோவாவுமாக ரயில் ஏறினேன். அவள் பெயர் பிலோமினா என்று கண்டுபிடிக்க எனக்கு நான்கு மாதம் ஆனது. கண்டுபிடித்துச் சொன்னவர் காசிம் நானா.

லிந்துலையில் மளிகைக் கடை வைத்திருந்த காசிம் நானா, சவரிமுத்துவிடம் மரக்கறி வாங்குபவர். அம்மாவிடம் இந்தச் சம்பந்தத்தை அவரே யோசித்தவர்போல எடுத்துச் சொன்னார். நான் கேட்டுக்கொண்டதற்காகத்தான் சொன்னார் என்பது அம்மாவுக்குக் கடைசிவரை தெரியாது. இப்போது அவளும் இல்லை, நானாவும் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

பாத்தி பாத்தியாக

அந்த வெள்ளிக்கிழமை மாமா, அம்மா, நான், காசிம் நானா என நான்கு பேரும் நானுஓயாவில் இறங்கி மேட்டுப் பாதையில் நடந்தோம். வெயில் வந்தும் புல்லில் பனி காயவில்லை. மாமா தொழிற்சாலைக் கோட்டு போட்டிருந்தார். அம்மா தபசு காலம் முழுவதும் ஒருசந்தி பிடிப்பவள். நடுப்பகலில் ஒரு நேரச் சாப்பாடு, அவ்வளவுதான். முந்தின நாள் பகலில் சாப்பிட்ட வயிற்றோடு ஏறி வந்தாள்.

சவரிமுத்துவின் தோட்டம் மலைச்சரிவில் படிப்படியாக இறங்கியது. ஒரு காலத்தில் அது தேயிலை நிலமாம். அவருடைய பிரஜாவுரிமை விண்ணப்பம் ஏதோ ஒரு மேசையில் கிடந்ததால், சொந்தப் பெயரில் நிலம் வாங்க முடியாமல், அது ஒரு சிங்கள முதலாளியின் பெயரில் இருந்தது. பாடுபடுவது மட்டும் இவர். ஆளும் மண்ணின் நிறத்திலேயே இருந்தார்.

எங்களை வீட்டுக்குள் கூப்பிட்டு உட்கார வைப்பார் என்று எதிர்பார்த்தோம். அவருடைய முறை வேறு.

"உள்ளுக்க உக்காந்து ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பாத்துக்கிட்டு இருக்கிறதுக்கு, வாங்க, தோட்டத்த பாப்போம். நான் எப்படிப்பட்ட ஆளுன்னு அதுலயே தெரிஞ்சிரும்," என்றார்.

போன உடனேயே ஒரு கரட்டைப் பிடுங்கினார். இதற்கு மாமா தயாராக வரவில்லை. இலை போட்டால் எழுந்துகொள்ளலாம். பலகாரத் தட்டு வந்தால் வயிறு சரியில்லை என்று சொல்லலாம். மண்ணிலிருந்து எடுத்துக் கழுவி, வாய்க்கு நேராக ஒருவர் நீட்டும்போது எப்படி மறுப்பது? ஒரு நிமிடம் திகைத்தார். பிறகு அவர் முகம் தெளிந்தது. என் பக்கம் சாய்ந்து காதில் சொன்னார்:

"ருசி பாக்கிறது வேற, சாப்புடுறது வேற. ஃபெக்டரியில செய்யிற மாதிரி செய்வோம். முழுங்கிறாத."

அப்படித்தான் முதல் கரட் வரப்புக்குப் போனது.

என் கரட்டையும் துப்பத்தான் நினைத்தேன், சத்தியமாக. உதட்டைக் கூடக் குவித்துவிட்டேன். அந்த நேரத்தில் சமையலறைச் சன்னலில் ஒரு கம்பளிச் சட்டை தெரிந்தது. பெண் பார்க்க வந்தவன், பெண் பார்த்துக்கொண்டிருக்க, பெண்ணின் அப்பா தந்ததைத் துப்புவதா? விழுங்கிவிட்டேன். குளிர்ந்த, இனிப்பான, மண் வாசனை இன்னும் போகாத கரட். அது போல ஒன்றை நான் அதற்கு முன் தின்றதில்லை. மாமா திரும்பிப் பார்ப்பதற்குள் குனிந்து, துப்பியவன்போல வாயைத் துடைத்துக்கொண்டேன்.

அடுத்தது முள்ளங்கி. மாமா உறிஞ்சினார், கண்ணில் தண்ணீர் வந்தது, துப்பினார். "காரம் தூக்கல்." நான் விழுங்கினேன். பச்சைப் பட்டாணி வந்தது. மாமா துப்பினார். "இன்னும் நாலு நாள் விட்டிருக்கணும்." நான் விழுங்கினேன். பீட்ரூட் துண்டை அவர் துப்பியபோது அது ஒரு பெரிய கோவாவின் வெளி இலையில் போய் விழுந்து சிவப்பாக வழிந்தது. சவரிமுத்து குனிந்து, தோளில் கிடந்த துண்டால் அந்த இலையைத் துடைத்தார். என் துண்டை நான் ஒரு சொட்டு விடாமல் விழுங்கினேன்.

அம்மா தனக்குக் கொடுத்தவற்றையெல்லாம் "பொறவு தின்னுக்கிறேங்க" என்று முந்தானையில் முடிந்துகொண்டே வந்தாள். காசிம் நானாவுக்கு எந்தக் கட்டுப்பாடும் இல்லை. அவர் இரண்டு பக்கத்துக்கும் வேண்டியவர், எந்தப் பக்கத்தையும் சேராதவர். எல்லாவற்றையும் தோலோடு தின்றார். "நல்லா ஈக்கி, நல்லா ஈக்கி," என்று அவருடைய முஸ்லிம் பேச்சில் ஒவ்வொரு பாத்தியையும் பாராட்டினார். மாமா துப்பித் துப்பிக் கெடுத்ததைத் தான் தின்று சரிசெய்துவிடலாம் என்று நினைத்தார் போலும்.

ஸ்ட்ரோபெரியில் மாமாவுக்கு உண்மையான சோதனை வந்தது. அது வாயில் கரைகிற சாமான். உறிஞ்சினார், சுழற்றினார், கண்ணை மூடினார். வெகு நேரம் திறக்கவில்லை. கடைசியில் துப்பியபோது துப்புவதற்கு அதிகம் மிச்சமில்லை. அவருடைய தொண்டை முடிச்சு ஏறி இறங்கியதை நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார்.

"பழம் கணக்குல வராது," என்றார்.

சவரிமுத்து சொன்னது

வீட்டை நோக்கி ஏறும்போது சவரிமுத்து நானாவைக் கொஞ்சம் பின்தங்க வைத்தார். அவர்களுக்கு இரண்டடி முன்னால் போய்க்கொண்டிருந்த எனக்கு எல்லாம் கேட்டது.

"பொழுது விடியுமுன்ன எந்திரிச்சு, பனி கருக்காம எல எலயா தண்ணி தெளிச்சு வளக்கிறேன் நானா. அத என் மண்ணுல, என் கண்ணு முன்னுக்கே துப்புறாரு. இவரு வீட்டுக்கு எப்படி நான் பொண்ணக் குடுக்கிறது? தேத்தண்ணியக் குடுத்து மரியாதையா அனுப்பிருவோம்."

"பொறுங்க. அது அவர்ட தொழில் பழக்கம்," என்றார் நானா.

"தேத்தண்ணியவும் துப்பினாருன்னா?"

தேத்தண்ணீரை மாமா நிச்சயமாகத் துப்புவார் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

மாமா வேண்டாம் என்று சொல்வதை எப்படிச் சமாளிப்பது என்றுதான் ஆறு மாதமாக யோசித்திருந்தேன். பெண் வீட்டார் வேண்டாம் என்று சொல்வார்கள் என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை. இனி நானுஓயாவில் ரயில் நிற்கும்போதெல்லாம் அந்தப் பக்கம் திரும்பாமல் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான் என்று நினைத்தபோது அழுகையே வந்துவிட்டது.

ஏழு கோப்பை

வீட்டின் முன் அறையில் ஒரு நீளப் பெஞ்சு கிடந்தது. அதைப் பார்த்ததும் மாமா வாசலிலேயே நின்றுவிட்டார்.

பெஞ்சின்மேல் ஏழு வெள்ளைக் கோப்பைகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு கரண்டி. பெஞ்சின் ஓரத்தில், கீழே, நன்றாக விளக்கித் தண்ணீர் ஊற்றிய ஒரு பித்தளைப் படிக்கம். எங்கள் தொழிற்சாலையில் காலையில் வைப்பது போலவே எல்லாம் ஒழுங்காக இருந்தது. கோப்பைகளில் தேத்தண்ணீருக்குப் பதிலாகச் சமைத்த மரக்கறிகள் இருந்ததுதான் வித்தியாசம்.

பெஞ்சுக்குப் பின்னால் பிலோமினா நின்றாள். தலை குனியவில்லை. சாதாரணமாகப் பெண் பார்க்க வருகிறவர்கள் இதைக் குற்றமாகச் சொல்வார்கள். மாமாவின் கண் கோப்பைகளைவிட்டு நகரவே இல்லை.

"ஐயா ருசி பாக்கிறவங்கன்னு நானா சொன்னாங்க," என்றாள். "துப்புறதுக்குப் படிக்கம் வச்சிருக்கேன். மண்ணுல துப்பினா அப்பாவுக்கு மனசு சங்கடப்படுது. ஏழும் எங்க தோட்டத்துல வெளஞ்சதுதான். என்னென்னன்னு ஐயா சொல்லுவீங்களா?"

அவ்வளவு மரியாதையை மாமாவுக்குத் தோட்டத்துத் துரைகூடக் கொடுத்ததில்லை. கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டு முதல் கோப்பைக்குப் போனார்.

உறிஞ்சினார், சுழற்றினார், படிக்கத்தில் துப்பினார். "லீக்ஸ். வெள்ளப் பக்கம் மட்டும். மேல் பாத்தியில வெளஞ்சது."

"மேல் பாத்திதான்," என்றார் சவரிமுத்து. அவர் குரலில் இருந்த கோபம் கொஞ்சம் குறைந்ததுபோலத் தெரிந்தது. "அது எப்படிங்க தெரியும்?"

"மேட்டுல தண்ணி நிக்காது. நாருல தெரியும்."

அடுத்தது பச்சைப் போஞ்சிக்காய். பிறகு உருளைக்கிழங்குப் பால்கறி. 'தேங்கா மூணாம் பால்' என்று சேர்த்துச் சொன்னார். பிறகு கோவா, பீட்ரூட், பூசணி. ஆறும் சரி. சவரிமுத்து இப்போது பெஞ்சுக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டார். இரண்டு தொழில்காரர்கள் பேசுவதுபோலப் பேச்சு போனது. நான் மாதாவை வேண்டிக்கொண்டிருந்தேன்.

ஏழாவது கோப்பையில் கருப்பச்சையாக ஒரு கீரைச் சுண்டல். தேங்காய்ப்பூ, வெங்காயம், பச்சைமிளகாய் போட்டு, தேசிக்காய் பிழிந்திருந்தது. மாமா ஒரு கரண்டி எடுத்தார். சுழற்றினார். துப்பினார்.

"வல்லார," என்றார்.

"இல்லீங்க ஐயா."

இன்னொரு கரண்டி. "முருங்க எல."

"முருங்க இந்தக் குளுருல எங்கிட்டு வரும், ஐயா."

மாமாவுக்கு வியர்த்தது. அந்தக் குளிரில் அவருக்கு வியர்த்ததைப் பார்த்து அம்மா முந்தானையை இறுக்கிக்கொண்டாள். மூன்றாவது கரண்டியை வெகு நேரம் வாயில் வைத்திருந்தார். துவர்ப்பு இருந்தது, ஏதோ ஒரு பழக்கமான கசப்பும் இருந்தது, ஆனால் பெயர் பிடிபடவில்லை. துப்பினார். நான்காவது கரண்டி உள்ளே போனது. நாங்கள் எல்லாரும் படிக்கத்தைப் பார்த்தோம். எதுவும் விழவில்லை.

"ஐயா முழுங்கிட்டீங்க போல ஈக்கி," என்றார் நானா மெதுவாக.

"பின் ருசி வேணும்ல. தொண்டைக்குப் போனாத்தானே பின் ருசி," என்றார் மாமா. சொல்லிக்கொண்டே ஐந்தாவது கரண்டியையும் விழுங்கினார். ஆறாவதையும் விழுங்கினார். முப்பது வருட நாக்கு அங்கே நின்று தவித்தது. தாத்தாவின் கோழிக்காலெல்லாம் அவருக்கு மறந்தே போயிருந்தது.

அம்மா எழுந்து வந்தாள். "இங்க குடுங்கண்ணே," என்று கோப்பையை வாங்கினாள். அடியில் கொஞ்சம்தான் மிச்சம். விரலால் வழித்து வாயில் போட்டு, சும்மா எல்லாரும் சாப்பிடுவதுபோல மென்று விழுங்கினாள்.

"கொழுந்துண்ணே," என்றாள்.

"எந்தக் கொழுந்து?"

"எந்தக் கொழுந்தா? தேயிலக் கொழுந்து. நீங்க தெனமும் துப்புறதுதான்."

பிலோமினா தலையாட்டினாள். தேயிலை நிலமாக இருந்த காலத்து நாலைந்து செடிகள் சமையலறைக்குப் பின்னால் இன்னும் நிற்பதாகச் சொன்னாள். இளம் கொழுந்தை அவித்து, கசப்புத் தண்ணீரை இரண்டு தரம் வடித்துவிட்டுச் சுண்டுவதாம்.

"மூணு தரம் வடிச்சா இன்னும் நல்லா இருக்கும்மா," என்றாள் அம்மா. பிறகு மாமாவின் பக்கம் திரும்பினாள். "ஒலகச் சண்ட காலத்துல அரிசி கெடைக்காதப்ப லயத்துல நாங்க இதத்தான் சுண்டித் தின்னோம். நீங்க அப்ப ஃபெக்டரிக்குப் போயிட்டீங்க. ஒங்களுக்கு எங்க தெரியும்?"

எனக்கும் அது அன்றுதான் தெரியும். அந்தக் காலத்தில் எனக்கு ஒரு நாளும் சோறு இல்லாமல் போனதாக ஞாபகம் இல்லை. பகலில் கொழுந்து பறித்துவிட்டு வந்து எனக்குச் சோற்றைப் போட்டுவிட்டு, அம்மா கொழுந்தையே தின்றிருக்கிறாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மாமாவும் பார்க்கவில்லை. அவர் வெறும் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லியிருக்கலாம்ல தங்கச்சி," என்றார் கடைசியில்.

"சொன்னா நீங்க ருசி சொல்லுவீங்க," என்றாள் அம்மா.

நானா முதலில் சிரித்தார். பிறகு சவரிமுத்து சிரித்தார். மாமா சிரிக்கவில்லை. கோட்டைக் கழற்றி மடித்துப் பெஞ்சில் வைத்தார். சட்டைக் கையைச் சுருட்டினார். வாசலுக்குப் போய், கை நனைக்க, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றார்.

சவரிமுத்து செம்பைக் கொண்டுவந்தார். ஆனால் ஊற்றவில்லை. செம்பைக் கையில் பிடித்தபடியே கேட்டார்: "இனி போடுற சோத்தையும் துப்புவீங்களாய்யா?"

மாமா நீட்டிய கையை மடக்காமல் வரப்புப் பக்கம் ஒரு முறை பார்த்தார்.

"சோத்த எவனாச்சும் துப்புவானா? கரட்ட துப்புனதே தப்புதான்," என்றார். "ஊத்துங்க, சம்பந்தி."

சவரிமுத்து ஊற்றினார். செம்பு காலியாகும்வரை ஊற்றினார். மாமாவின் முழங்கைவரை நனைந்தது.

எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. நானும் ஓடிப்போய்க் கையை நீட்டினேன். பாய் விரிக்க வந்த பிலோமினா என்னைப் பார்த்து நின்றாள். ஸ்டேசனில் பேசிய அதே குரலில், மாமாவுக்கு நன்றாகக் கேட்கும்படி சொன்னாள்:

"மாஸ்டருக்கு என்ன அவசரம்? அவரு காலையிலருந்து சாப்புட்டுக்கிட்டேதான் இருக்காரு. சன்னல்லருந்து பாத்தேன். ஒண்ணையும் துப்பல."

மாமா பாயில் உட்காரப் போனவர் அப்படியே நின்றார். மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"எதுலருந்துடா?" என்றார்.

"மொத கரட்டுலருந்தே, மாமா."

அவர் உட்கார்ந்தார். கொஞ்சம் நகர்ந்து, பாயில் எனக்கு இடம் விட்டார்.